ரேம் போட்ட பிறகு லேப்டாப் தகராறு செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ரேம் மாற்றியதும் லேப்டாப்பில் வரும் கோளாறு பெரும்பாலும் ஸ்டிக் (ரேம் சிப்கள் பதித்த சிறு பலகை) அதைச் செருகும் ஸ்லாட்டில் சரியாக உட்காராததால் வருவது. அடுத்தது, அந்த லேப்டாப்புக்கு ஒத்துவராத ஸ்டிக்கை வாங்கிப் போட்டது. ஸ்டிக்கே பழுது என்பது அதற்கும் பிறகு. மதர்போர்டு போய்விட்டது என்பது கடைசி. தேடுவதும் இதே வரிசையில்தான் இருக்க வேண்டும். திரை கறுப்பாக நிற்கும்போது பதற்றத்தில் இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போகும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், உடனே ஆன் செய்து ஒரு சோதனை.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும்

விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் சிஸ்டத்தின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டுதான் அணைகிறது. ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அதுதான் முழு அணைப்பு. சார்ஜரைக் கழற்றுங்கள். வெளியே எடுக்கிற பேட்டரி என்றால் எடுத்துவிடலாம். உள்ளே பதித்த பேட்டரி என்றால், அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரைப் பிரிப்பது. ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கனெக்டரின் இரண்டு ஓரத்தையும் பிளாஸ்டிக் நுனியால் மாறி மாறி நெம்பினால் வந்துவிடும். பிறகு பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமுள்ள சார்ஜும் இறங்கிவிடும்.

இதில் அலட்சியம் கூடவே கூடாது. ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு. டிடிஆர்4 ஸ்டிக்கில் 260 கால்கள். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் அரை மில்லிமீட்டர்தான். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது ஸ்டிக்கைக் கோணலாகச் செருகினால், மின்சாரம் வரும் கால் பக்கத்து சிக்னல் காலைத் தொட்டுவிடலாம். அந்த நொடியில் போவது ரேமோடு நிற்குமா, ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் வரை போகுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலூர் கோடையின் வறண்ட காற்றில் பாலியஸ்டர் சட்டையும் பிளாஸ்டிக் பாயும் உடம்பில் ஸ்டேடிக் சேர்க்கும். பருத்தி உடுத்திக்கொண்டு மர மேசையில் வேலை செய்யுங்கள். ஸ்டீல் பீரோவைத் தொட்டுவிட்டு வந்தால் போதும் என்று நினைப்பதுண்டு. பீரோவுக்கு எர்த் கிடையாது. மூன்று பின் பிளக்கில் செருகியிருக்கும் டெஸ்க்டாப் சிபியுவின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொடுவது மேல், வீட்டு எர்த் ஒழுங்காக இருந்தால்.

ஸ்குரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. அடிமூடியின் வடிவத்தை ஒரு தாளில் வரைந்து, அந்தந்த இடத்திலேயே ஸ்குரூவைக் குத்தி வையுங்கள். நீளமானது குட்டையின் துளைக்குள் ஏறினால் மேல்பக்கம் கைவைக்கும் இடத்தில் புடைத்துவிடும். ரப்பர் பாதத்தின் அடியிலும் ஸ்குரூ ஒளிந்திருக்கும். மூடி ஒரு மூலையில் மட்டும் வர மறுத்தால் இழுக்காமல் அங்கே தேடுங்கள்.

“லைட் எரியுது, ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை”

முதலில் காத்திருங்கள். ரேம் மாறியிருப்பதைப் பார்த்ததும் போர்டு அதன் டைமிங்கை முதலிலிருந்து அளந்து பழகிக்கொள்கிறது. டிடிஆர்4-இல் இது சீக்கிரம் முடியும். டிடிஆர்5-இல் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், நடுவில் ஒன்றிரண்டு தடவை தானே அணைந்து எரியவும் செய்யும். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்தினால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சார்ஜரை மாட்டி, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

சார்ஜரை மாட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேட்டரி கனெக்டரைப் பிரித்து மாட்டிய பிறகு, பல லேப்டாப்கள் ஒரு தடவை சார்ஜர் மின்சாரத்தைப் பார்க்கும் வரை எழவே எழாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள்) பேட்டரியை டிசேபிள் செய்யும் வசதியுள்ள லெனோவோ திங்க்பேடுகளும் அப்படித்தான். லைட்கூட எரியாமல் செத்ததுபோல் கிடந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பத்து நிமிடத்துக்குப் பிறகும் திரை வராவிட்டால் அணைத்துவிட்டு, பேட்டரியைப் பிரித்து, டார்ச் அடித்து ஸ்லாட்டைப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த ஸ்டிக்கில் தங்க நிறக் கால்கள் அநேகமாக வெளியே தெரியாது. தெரிந்தாலும் தலைமுடி கனத்தில், இடதும் வலதும் ஒரே அளவில் ஒரு கோடுதான். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தெரிந்தால் ஸ்டிக் சாய்ந்திருக்கிறது.

இரு பக்கக் கிளிப்பையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாகத் தள்ளினால் ஸ்டிக் தானாகவே 30 டிகிரி அளவுக்கு எழும்பி நிற்கும். அதே சாய்விலேயே உருவி எடுங்கள். திரும்பப் போடும்போது ஸ்டிக்கில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் நேராக இருக்க வேண்டும். இரண்டு கட்டைவிரலையும் ஸ்டிக்கின் இரு முனையில் வைத்து, சாய்வு மாறாமல் உள்ளே தள்ளுங்கள். முக்கால் தூரம் சுலபமாகப் போய், கடைசியில் ஒரு இறுக்கம் தட்டும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்லாட்டின் ஸ்பிரிங் கால்கள் இரு பக்கமும் ஸ்டிக்கைக் கவ்வும் இடம் அது. சமமாக இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஸ்டிக் உள்ளே இறங்கி அடியில் முட்டும். அதற்குப் பிறகே கீழே படுக்கவைத்து அமுக்க வேண்டும். இரு கிளிப்பும் ‘டிக்’ என்று பிடிக்கும். கிளிப் பிடித்துவிட்டதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அரைகுறையாக இறங்கிய ஸ்டிக்கையும் சில ஸ்லாட்டின் கிளிப் மேலோட்டமாகப் பிடித்துக்கொள்ளும். மூடியின் எல்லா ஸ்குரூவையும் போடுவதற்கு முன்பே ஆன் செய்து பாருங்கள்.

அப்படியும் வரவில்லையா? இனிப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான்.

1. பழைய ஸ்டிக்கை மட்டும், அது முன்பு இருந்த ஸ்லாட்டிலேயே போடுங்கள். திரை வந்தால் போர்டு நலம். மூச்சு வந்த மாதிரி இருக்கும்.
2. புதியதை மட்டும் அதே ஸ்லாட்டில் போடுங்கள். வராவிட்டால் ஸ்டிக் பழுது, அல்லது பொருந்தாதது.
3. அங்கே வந்தால், புதியதை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். இங்கே வராவிட்டால் சந்தேகம் ஸ்லாட்டின் மேல்.
4. தனித்தனியாக எல்லாம் வேலை செய்து, சேர்த்துப் போட்டால் மட்டும் வரவில்லை என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. இடம் மாற்றிப் போட்டு ஒருமுறை பார்த்துவிட்டு, பயாஸை அந்த மாடலுக்கான புதிய பதிப்புக்கு ஏற்றுங்கள். அதிலும் தீராவிட்டால் ஸ்டிக்கை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது படியில் தோற்ற ஸ்டிக்கைக் குப்பையில் போடுவதற்கு முன் லேபிளைப் படியுங்கள். பழைய லேப்டாப்களில் மாட்டிக்கொள்வது இங்கேதான். டிடிஆர்3 என்று கடையில் கேட்டால் 1.5 வோல்ட் ஸ்டிக்கும் கிடைக்கும், 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ஸ்டிக்கும் கிடைக்கும். இரண்டுக்கும் 204 கால்; வெட்டும் ஒரே இடத்தில். ஆகவே எதுவும் எதிலும் நுழையும். ஆனால் இன்டெல் 4-ஆம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட்தான் வேண்டும், 1.5 வோல்ட் ஸ்டிக்கில் டிஸ்ப்ளே வராது. லேபிளில் பிசி3 என்பதற்குப் பின்னால் ‘எல்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டிடிஆர்3எல் ஸ்டிக்கை 1.5 வோல்ட் லேப்டாப்பில் போடலாம், அதில் சிக்கல் இல்லை.

எட்டு ஜிபி டிடிஆர்3 வகையில் இன்னொரு கண்ணியும் உண்டு. அந்தக் காலத்து இன்டெல் லேப்டாப்புகளுக்கு இரு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ள ஸ்டிக் வேண்டும். எட்டே சிப்பில் எட்டு ஜிபியை அடக்கிய ஸ்டிக்கை அவற்றின் கன்ட்ரோலரால் படிக்க முடியாது. அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப் வீட்டில் இருந்து, தங்கைக்கோ தம்பிக்கோ அதை உயிர்ப்பிக்க நினைப்பவர்கள் சிப்பை எண்ணிப் பார்த்தே வாங்குங்கள்.

ஸ்லாட்டின் மேல் சந்தேகம் வந்தால், உள்ளே வளைந்த கால், முடி, நூல் இருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். தூசியை மென்மையான பிரஷ்ஷாலும் ரப்பர் பல்ப் ஊதியாலும் எடுக்கலாம்; வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். வளைந்த காலை ஊசியால் நிமிர்த்தப் பார்த்தால் பெரும்பாலும் ஒடியும். ஸ்லாட்டையே மாற்றுவது ஹாட் ஏர் ரீவொர்க் ஸ்டேஷன் வைத்திருக்கும் சிப் லெவல் டெக்னீஷியன் செய்யும் வேலை. நல்ல ஸ்லாட் ஒன்று மிச்சமிருந்தால், அதில் பெரிய ஒற்றை ஸ்டிக்கைப் போட்டுக்கொள்வது எங்கள் பார்வையில் மலிவும் பாதுகாப்பும்.

“பீப் சத்தம் வருது”, “லைட் விட்டு விட்டு எரியுது”

இது நல்ல செய்தி. லேப்டாப்பே வாய் திறந்து சொல்கிறது. போனில் வீடியோ எடுத்து, நிதானமாக எண்ணுங்கள். பல டெல் மாடல்களில் ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்றால் ரேமே தெரியவில்லை. 2-க்கு 4 என்றால் ரேம் பழுது. 2-க்கு 5 என்றால் பொருந்தாத ரேம். ஹெச்பி-யில் நீளமாக 3, குட்டையாக 2 என்றால் மெமரியைத் தொடங்குவதில் தடங்கல். ரேமே தெரியவில்லை என்று சொன்னால் ஸ்டிக்கைக் கழற்றி மாட்டுங்கள். பொருந்தாத ரேம் என்று சொன்னால் கழற்றி மாட்டி நேரத்தைக் கழிக்காமல் லேபிளைப் பாருங்கள். மற்ற கம்பெனிகளின் குறியீடு அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

“16 போட்டேன், 8தான் காட்டுது”

விண்டோஸைக் கேட்காதீர்கள், பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். ஆன் செய்ததும் எஃப்2 அல்லது எஃப்10 தட்டினால் பெரும்பாலான லேப்டாப்பில் திறக்கும். பயாஸிலும் 8 என்றால், மேலே சொன்னபடி உட்கார்வதையும் ஸ்லாட்டையும் சரிபாருங்கள்.

பயாஸில் 16, விண்டோஸில் குறைவு என்றால் கோளாறு மென்பொருளில். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பார்க்காது. 64 பிட் என்றால், சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், மேக்ஸிமம் மெமரி என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேகம் கூடும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு டிக் போட்டிருப்பார்கள். அது வேகத்தைக் கூட்டாது, ரேமைக் கட்டிப்போடும்.

16-க்கு 15.7 அல்லது 13.9 யூஸபிள் என்று காட்டினால் அது கோளாறே இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் திரைக்கென்று ரேமில் ஒரு பங்கை ஒதுக்கிக்கொள்ளும். ரைசன் மாடல்களில் 2 ஜிபி வரை ஒதுக்குவது சகஜம்.

வேகம் குறைவாகக் காட்டுகிறது என்று வருந்துகிறவர்களும் உண்டு. 3200 ஸ்டிக்கை வாங்கி ஐ5-8250யு லேப்டாப்பில் போட்டால் 2400-இல்தான் ஓடும். அந்த ப்ராசஸரின் வரம்பு அது. இரண்டு ஸ்டிக்கின் வேகம் வேறுபட்டால் மெதுவானதன் வேகத்தில் இரண்டும் ஓடும். விட்டுவிடுங்கள்.

“காலையில நல்லா ஓடுது, மதியம் ப்ளூ ஸ்கிரீன் வருது”

மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா என்று நீலத் திரையில் வந்தாலும், பிரவுசர் டேப்கள் தானாக மூடினாலும், இறக்கிய ஃபைல் திறக்கும்போது பிழை என்றாலும் ரேமைச் சோதிக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். பழுதான ரேம் வழியாகப் போகும் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போய் டிஸ்கில் சேரும். கல்லூரி ப்ராஜெக்ட்டையும் குடும்பப் போட்டோக்களையும் வேறு கம்ப்யூட்டர் மூலம் காப்பி எடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

ரேமின் ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டி கப்பாசிட்டர். அதில் உள்ள சார்ஜ் கசிந்துகொண்டே இருப்பதால், 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை முழு ரேமையும் புதுப்பித்தாக வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். சிப்பின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் 32 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது வரையறை. நல்ல ஸ்டிக் இதைத் தாங்கும். பலவீனமான செல் ஒன்று இருந்தால் குளிர்ந்த நேரத்தில் தப்பிவிட்டு வெப்பத்தில் தோற்கும். மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நம் ஊர். மொட்டை மாடிக்குக் கீழ் அறை, மெத்தை மேல் லேப்டாப், தூசி அடைத்த ஃபேன் மூன்றும் சேர்ந்தால் பழுது வெளியே வந்துவிடும்.

ஆகவே சோதனையை ஏசி அறையில் செய்து ‘பாஸ்’ வாங்கிப் பயனில்லை. கோளாறு வரும் அதே அறையில், அதே நேரத்தில் செய்யுங்கள். ஸ்டார்ட் மெனுவில் மெமரி என்று தட்டினால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் வரும். அது ஆரம்பச் சோதனை மட்டுமே. நம்பகமானது மெம்டெஸ்ட்86. பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். 16 ஜிபிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இரண்டு ஸ்டிக்கையும் வைத்து ஒருமுறை, பிழை வந்தால் ஒவ்வொன்றாகத் தனியே. ‘ஒரே ஒரு பிழைதானே’ என்று விடாதீர்கள். ரேமில் அனுமதிக்கத்தக்க பிழையின் எண்ணிக்கை பூஜ்யம். ஹாமர் டெஸ்ட் எனப்படும் 13-ஆவது சோதனையில் மட்டும் வருவது விதிவிலக்கு. அன்றாட வேலையில் அந்த நிலைமை வருவது அரிது. சோதனை பாஸாகியும் நீலத்திரை நிற்காவிட்டால் ஃபேனைச் சுத்தம் செய்து, டிரைவரையும் எஸ்எஸ்டியையும் பாருங்கள்.

“அப்பப்ப டிஸ்ப்ளே போகுது, ரேமைக் கழட்டி மாட்டினா சரியாகுது”

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கத்து வீடுகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். தோல் பதனிடும்போது முடி நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு எழும். அழுகிய முட்டை வாடை அதுதான். வெள்ளியையும் செம்பையும் அது கறுக்கவைக்கும். வீட்டில் வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துப்போகிறது என்றால், அதே காற்றைத்தான் உங்கள் லேப்டாப்பின் ஃபேனும் நாளெல்லாம் உள்ளே இழுக்கிறது.

ரேம் கால்களின் தங்கம் கறுக்காது. ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே அடியிலுள்ள உலோகம் வினைபுரிந்து மேலே படலமாகப் பரவும். கழற்றி மாட்டும்போது உரசலில் படலம் விலகுகிறது, லேப்டாப் எழுகிறது, சில வாரத்தில் மறுபடி மூடுகிறது. ஸ்டிக்கை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: பளபளப்பு மங்கி, கால்களின் நுனியில் பழுப்பாகவோ கறுப்பாகவோ புள்ளிகள் தெரிந்தால் இதுதான்.

99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் நனைத்து, கால்களின் நீளவாக்கில் துடையுங்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கை அரிக்கும். படலம் விடவில்லை என்றால் மட்டும், பென்சில் அழிக்கும் மென்மையான வெள்ளை ரப்பரால் இரண்டு மூன்று இழுப்பு, ஒரே திசையில். துகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி ஆல்கஹால். பேனா மை அழிக்கும் கரடு ரப்பரும் உப்புத்தாளும் தங்கத்தைச் சுரண்டிவிடும். அதற்குப் பிறகு கோளாறு வாரம் தவறாமல் வரும்.

ஸ்டிக் மேல் இருக்கும் மணல் அளவு ரெசிஸ்டர்களுக்குள்ளும் வெள்ளி இருக்கிறது. கந்தக வாயு அதை உள்ளிருந்தே அறுத்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் ஸ்டிக் பிழைக்காது, மாற்ற வேண்டியதுதான். சாக்கடையோ கழிவு ஓடையோ பக்கமுள்ள ஜன்னலருகே லேப்டாப்பை இரவெல்லாம் ஆனில் விடாமல் இருந்தால் அடுத்த ஸ்டிக்காவது நீடிக்கும்.

“ரேம் வந்துடுச்சு, ஆனா டச்பேட் வேலை செய்யலை”

மூடியைத் திறக்கும்போது நாடா போன்ற ரிப்பன் கேபிளோ, வைஃபை கார்டின் கறுப்பு, வெள்ளை ஒயரோ இழுபட்டிருக்கும். பேட்டரியைப் பிரித்துவிட்டு, ரிப்பன் பூட்டின் மடக்கைத் தூக்கி, நாடாவை நேராக உள்ளே விட்டு, மடக்கை இறக்குங்கள். வைஃபை ஒயரின் வட்ட நுனி குமிழின் மேல் நேராக நின்றால்தான் அமுங்கும். கோணலில் அமுக்கினால் நசுங்கும்.

“ரேம் போட்டும் ஸ்லோவாதான் இருக்கு”

டாஸ்க் மேனேஜரில் மெமரி 50 சதவீதமும் டிஸ்க் 100 சதவீதமும் காட்டினால் குற்றவாளி பழைய ஹார்டு டிஸ்க். இன்னும் ஹார்டு டிஸ்க்கிலேயே ஓடும் லேப்டாப்புக்கு, கையில் இருக்கும் பணத்தை முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவிடச் சொல்லுவோம். அதேபோல் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி மேல். ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையிலான இரண்டு சேனலும் (பாதையும்) ஓடுவதால் உள்ளிணைந்த கிராஃபிக்ஸுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சி டிரைவில் இடம் திடீரென்று குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஹைபர்னேஷன் ஃபைல் ரேமில் சுமார் 40 சதவீத அளவுக்கு இடம் பிடிக்கும். ரேம் வளர்ந்தால் அதுவும் வளரும்.

மாற்று ஸ்டிக் வாங்கப் போகும் முன்

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் ரேம் போர்டிலேயே சால்டர் செய்தது. மின்சாரம் குறைவாகச் செலவாகும் எல்பிடிடிஆர் வகை ரேமும் பொதுவாக அப்படித்தான். அங்கே காட்டும் ஸ்லாட் எண்ணிக்கையை நம்பி வாங்கிவிடாதீர்கள், மூடியைத் திறந்து ஸ்லாட்டைக் கண்ணால் பார்த்த பிறகே காசு கொடுங்கள். காட்பாடியில் ரயிலேறி 130 கிலோமீட்டர் போய் சென்னை ரிச்சி தெருவில் வாங்குகிறவர்கள், பழைய ஸ்டிக்கின் லேபிளை இரு பக்கமும் போட்டோ எடுத்து, லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் எண்ணையும் சேர்த்து எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் டிடிஆர் வகை, வோல்ட், ஜிபி, வேகம் நான்கையும் சொல்லிக் கேட்டு, பில்லில் ஸ்டிக்கின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். ஸ்டிக் மேல் இருக்கும் லேபிளை உரிக்காதீர்கள். சூடு தணியும் என்று நினைத்து உரித்தால் வாரண்டி போய்விடும்.